கேட்பார் உண்டு

“நம்ம நாட்டுல செஞ்ச கட்டிங் பிளேயர் இருக்குங்களா?”

கேட்டுவிட்டு அண்ணி ஒன்றும் தெரியாதவள் போல முகத்தை வைத்துக்கொண்டாள். கடைக்காரர் இல்லை என்றுதான் சொல்லப்போகிறார். அவரை இல்லை என்று சொல்லவைக்கத்தானே வந்திருக்கிறாள்!

ஹார்டுவேர் கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “அதெல்லாம் இப்ப ஏதும்மா? எல்லாம் கப்பல்ல வந்து இறங்கறதுதான். பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்கு!”

“பளபளப்ப வச்சு நான் என்ன பண்றது? நம்ம ஆளுங்க செஞ்சதுதான் வேணும்.”

இந்த வசனத்தை அவள் நிலைக்கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்திருந்தாள்.

ஊரில் பிளேயர் செய்துவந்த கம்பெனி தன் இயந்திரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. வேலை போனவர்கள் வீட்டில் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. கம்பெனி வேண்டாமென்று விட்டுப்போன பழைய சம்மட்டி இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு வாடகைக் கொட்டகையில் நிறுத்தி, அதே பிளேயரைத் தாங்களே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அதில் அண்ணிக்குத் தலைகால் புரியாத பெருமை. கொட்டகையில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். முன்னால் மேனேஜராக இருந்தவர்கூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்.

செய்வதைச் செய்துவிட்டார்கள். விற்பதுதான் பெரும்பாடு. சந்தையில் சாக்கு விரித்துக் கொஞ்சம் விற்றார்கள். கடைக்காரர்களோ வாங்கிப் பார்ப்பார்கள், திருப்பிப் பார்ப்பார்கள், கடைசியில் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இத யாரு வந்து கேக்கறாங்க?”

கேட்பதற்கு ஆள்தானே வேண்டும்? ஆளுக்கா பஞ்சம்!

நாத்தனார், ஓரகத்தி, சம்பந்தி, சகலை என்று கொட்டகைக்காரர்களின் சொந்தபந்தம் மொத்தமும் களத்தில் இறங்கியது. யோசனை அண்ணியுடையது, விதிகளும் அவளுடையவைதான். ஒரு கடைக்கு ஒரு நாளில் ஒருவர்தான் போக வேண்டும். போன இடத்தில் வேறு எதையாவது வாங்கிக்கொண்டு வந்து நிற்கக் கூடாது. நாத்தனார் வீட்டுக்காரர் ஆர்வக்கோளாறில் ஒரே கடைக்குச் சாயங்காலமும் தொப்பி போட்டுக்கொண்டு போய், “காலையிலயும் வந்தீங்களே சார்” என்று வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினார்.

இந்த மாதமும் ஒரு கடை இறங்கிவராவிட்டால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.

அண்ணி கிளம்பத் திரும்பினாள். அப்போது தோளில் கனத்த பையோடு ஒருவர் படியேறி வந்தார்.

“அண்ணே, நம்ம நாட்டு பிளேயர் ஏதாவது வந்திருக்கா?”

கடைக்காரர் அவரைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்தார். “என்னங்க இது, சொல்லிவச்ச மாதிரி ஆளாளுக்கு வந்து கேக்கறீங்க?”

அண்ணி விறுவிறுவென்று வெளியே வந்து நடைபாதையில் நின்றாள். அந்த மனிதர் இறங்கி வந்ததும் வழியை மறித்தாள்.

“ஒரே நேரத்துல ரெண்டு பேர் வந்தா மாட்டிக்க மாட்டோமா? இன்னைக்கு இந்தக் கடை என் முறை. நீங்க யாரு, சம்பந்தி வீட்டு ஆளா?”

அவர் திருதிருவென்று விழித்தார்.

“எந்த சம்பந்திம்மா? நான் லிஃப்ட் மெக்கானிக்.” பைக்குள் கைவிட்டு ஒரு பிளேயரை எடுத்தார். “கூட வேலை செய்யறவரு சந்தையில வாங்கினது. ஒரு நாளைக்குன்னு கேட்டு வாங்கினேன், திருப்பிக் குடுக்க மனசே வரல. அவரு தினமும் நச்சரிக்கறாரு. அதான் எனக்குன்னு ஒண்ணு தேடிக் கடை கடையா ஏறி இறங்கறேன்.”

அண்ணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இவர் யாருக்கும் மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. யாரும் அனுப்பாமல், வேண்டும் என்று தானாகத் தேடி வந்திருக்கிறார். சந்தோஷத்தில் அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கடைக்காரர் வாசலுக்கே வந்து கத்தினார். “வேற கடைக்குப் போயிடாதீங்க! முன்ன ஒருத்தர் கொண்டுவந்து காட்டினாரு, அவர விசாரிச்சு ஒரு பெட்டி வரவழைக்கறேன்.”

“கேட்டீங்களாம்மா, வரவழைக்கறாராம்,” என்றார் மெக்கானிக். “நீங்களும் இதத்தானே தேடறீங்க? வந்ததும் ஏமாந்துடாம பாத்து வாங்குங்க. இங்க பாருங்க.”

ஒரு கைப்பிடியைப் பிடித்து பிளேயரைப் படுக்கைவாட்டில் நீட்டினார். அடுத்த கைப்பிடி தன் கனத்துக்கே மெதுவாக இறங்கித் திறந்துகொண்டது. பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

“இறுக்கமும் இல்ல, ஆட்டமும் இல்ல. எல்லாம் நடுவுல இருக்கற இந்த ஆணியிலதான் இருக்கு. இத அடிச்சவங்க யாரோ, அவங்க கைக்குத் தங்க வளையல் போடணும்.”

கொட்டகையில் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஆணி அடிப்பது அண்ணியின் வேலை.

சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

“எனக்குச் சரியாப் புரியலீங்க,” என்றாள். “இன்னொரு தடவ காட்டுங்க.”