வலது காது

வலது காதில் துளை இருந்தவர்கள் தப்பித்தார்கள். இடது காதுக்காரர்களின் ரத்தத்தில் வெறிபிடித்த அணுக்கள் மூன்று மடங்கு.

மொத்தம் இருபது எலிகள். எல்லாவற்றுக்கும் மூட்டுவாதத்தை வரவழைக்கச் சொன்னது ஆராய்ச்சி மாணவியான அவள்தான். காவல் காக்க வேண்டிய ரத்த அணுக்களே மூட்டைத் தின்னும் நோய் அது. பத்து எலிகளுக்கு மட்டும் ஒரு மரபணு பிறவியிலேயே நீக்கப்பட்டிருந்தது. அது இல்லாவிட்டால் அந்த அணுக்கள் அடங்குமா, இன்னும் பெருகுமா என்பதுதான் கேள்வி.

பதிலுக்காக, அதே மூட்டுவாதம் வந்த அவள் அக்கா ஆஸ்பத்திரி நாற்காலியில் காத்திருந்தாள். அதே மரபணுவை முடக்கும் புது ஊசி. போட்டுவிட்டால் ஆறு மாதத்துக்கு உடம்பிலிருந்து எடுக்க முடியாது. "என் எலிங்க சொல்லட்டும்" என்று ஒரு மாதமாகத் தள்ளிப்போட வைத்தவள் இவள்தான். ஊசி போட்டுக்கொள்ள இன்றுதான் கடைசி நாள்.

எலிகளைப் பராமரிக்கும் கூண்டறைக்காரர் இன்று லீவு. எலியைக் கைக்குழந்தை போல முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, நலம் விசாரித்துவிட்டுத்தான் அடையாளத்துக்குக் காதில் துளை போடுவார். கூண்டு அட்டையில் அவருடைய குண்டுக் கையெழுத்து: 'மரபணு நீக்கியது – வலது காது.'

கடிக்குப் பயந்து இதுவரை அவள் எலியைத் தொட்டதில்லை; நோய் வரவழைக்கும் ஊசியைக்கூட அவர்தான் போட்டார். இன்று வேறு வழியில்லாமல் ஒவ்வொன்றாக வாலைப் பிடித்துத் தூக்கி, பின்னாலிருந்து காதைப் பார்த்து, ரத்தம் எடுத்தாள். அணுக்களின் எண்ணிக்கையை இரண்டு முறை சரிபார்த்தாள். மரபணுவை மறுபடி சோதிக்க இரண்டு நாள் ஆகும்.

போன் அடித்தது.

"நர்ஸ் ஊசியோட நிக்குறா," என்றாள் அக்கா. "போட்டுக்கவா, எழுந்து ஓடி வந்துடவா?"

அவள் கூண்டு அட்டையை இன்னொரு முறை படித்தாள்.

"போட்டுக்கோக்கா."

பத்து நிமிடத்தில் அக்காவிடமிருந்து செய்தி வந்தது. பஞ்சை அழுத்திப் பிடித்திருக்கிறாளாம், எலிகளுக்கு நன்றி சொல்ல வேண்டுமாம். அவள் மேஜையில் தலை சாய்த்துக்கொண்டாள்.

மாலையில் கூண்டறைக்காரர் போனில் கூப்பிட்டார். பிள்ளைகளுக்குத் தண்ணீர் வைத்தாயிற்றா என்று கேட்டார். வைத்தாயிற்று என்றாள். அவருடைய வலது காதுப் பிள்ளைகள் பத்தும் தப்பித்துவிட்டதையும், அக்கா ஊசி போட்டுக்கொண்டதையும் சொன்னாள். சொல்லும்போது முதல் முறையாகச் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை.

"எப்படிப் பிடிச்சுப் பாத்தீங்கம்மா?"

"வாலைப் பிடிச்சு... பின்னாலேருந்து."

"நான் முகத்துக்கு நேரே தூக்கித்தாம்மா பாப்பேன்," என்றார்.

"வலதுன்னு எழுதுனது எனக்கு வலதும்மா... எலிக்கு இல்ல."