ஏழு மணி நேரம்

"தூக்கத்துல மூச்சு திணறாம இருக்கக் கொடுத்த மெஷினை ஒரே வாரத்துல திருப்பிக் கொடுக்க வந்தவரா நீங்க? ஆறு மாசமா ஒரு நாள் விடாம, ஏழு மணி நேரம் மாஸ்க் போட்டுத் தூங்கியிருக்கீங்களே!" தூக்கக் கோளாறு டாக்டர் அசந்துபோனார்.

ஞாபகப் பரிசோதனையிலும் பத்துக்குப் பத்து. ஆறு மாதம் முன்பு, தூக்கம் கெட்டு, ஓட்டுகிற ரூட்டையே மறந்து நின்ற பஸ் டிரைவர் கூச்சத்தோடு சிரித்தார்.

"எல்லாம் என் வீட்டுக்காரிக்காகத்தான் டாக்டர்."

"குறட்டை தாங்காம சண்டை போட்டாங்களா? அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க, பாராட்டணும்."

"அவ தவறி மூணு வருஷமாச்சு. மூச்சுத் திணறித் திணறி முழிச்சவனுக்கு ஒரு கனவுகூட வரல. நீங்க இன்னும் ஒரு நாள் போட்டுப் பாக்கச் சொன்னீங்க. அன்னிக்குத்தான் முதல்முதலா வந்தா."

டிரைவர் தயங்கினார்.

"எட்டு மணி நேரம் போட்டுக்கிட்டா தப்பில்லையே டாக்டர்? அவ பேச வாயெடுக்கிறப்பவே அலாரம் அடிச்சிடுது."