பாறைக்கு ஏறும் லேப்டாப்

“ரெண்டு நாளா சாயங்காலமானா பாறைக்கு ஏறுறாளே உன் பொண்ணு, அங்க எவன் இருக்கான்?”

குழாயடியில் பத்துப் பேர் காதில் விழும்படிதான் கேட்டாள் பக்கத்து வீட்டு ஜெயம்மாள். ஈஸ்வரிக்கு முகம் செத்துப்போயிற்று.

“சிக்னல் இருக்குது அத்தே. வேற எவனும் இல்ல,” என்றாள் செந்தாமரை.

“வாய் மட்டும் கொறைச்சல் இல்ல. பேரு கெட்டுப்போவும். அந்தப் பக்கம் போவாதடி.”

செந்தாமரை குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். இதற்கெல்லாம் நின்று பதில் சொன்னால் வேலை போய்விடும்.

பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் அவள். ஒடுகத்தூரில் ஒரு ஆபீஸ். கையெழுத்து நோட்டுகளின் படத்தைப் பார்த்து டைப் அடித்து அனுப்ப வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். அந்த ஆபீஸ் ஷோபனா மேடம் ஒரு லேப்டாப்பைக் கொடுத்து, “மலை மேல தினசரி வேலைக்கு இது ஒத்துவருமான்னு ஆறு நாள் பாரு. சனிக்கிழமை சொல்லு. ஒத்துவந்தா வேலை உனக்கு” என்றிருந்தார்.

இல்லாவிட்டால் மில்லு வேலைதான். போன வருஷம் மில்லுக்குப் போன சித்தி பொண்ணு பாதி ஆளாகத் திரும்பி வந்திருந்தாள்.

லேப்டாப் ஒரு கிலோ இருந்தால் அதிகம்.

“முறம் மாதிரி லேசா இருக்குதே, உள்ள இன்னாதான் இருக்குது?” என்று கேட்டாள் ஈஸ்வரி.

“ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் நெட்டுல இருக்கும்.”

“ஒண்ணும் இல்லாத பொட்டிக்கா இவ்ளோ பாடு?”

பாடுதான். டைப் அடிப்பது வீட்டில் நடந்துவிடும். அனுப்பவும் மறுநாள் வேலையை வாங்கவும் நெட் வேண்டும். ஊரில் சிக்னல் கிடைப்பது அந்தப் பாறையில் மட்டும். போகிற வழியெல்லாம் பலா மரம். பலா பழுத்தால் கரடி வரும்.

முதல் நாளே பின்னால் சருகு மிதிபட்டது. நின்றாள். அதுவும் நின்றது. நடந்தாள். அதுவும் நடந்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றோடு எல்லாம் முடிந்தது.

புதன்கிழமை ஒரு கல் உருண்டு வந்து காலடியில் நின்றது. வியாழக்கிழமை மேகம் இறங்கிப் பாறையை மூடிக்கொண்டது. சிக்னல் செத்துவிட்டது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, புதருக்குள் எதுவோ புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்கியது. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். கனமாக இருந்திருந்தால் போட்டுவிட்டு ஓடியிருப்பாள்.

வெள்ளிக்கிழமையும் ஏறினாள். 

சனிக்கிழமை. பாறையில் நின்று ஸ்பீக்கரைப் போட்டு, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். அப்படிப் பிடித்தால்தான் பேச்சு கேட்கும்.

“சொல்லும்மா. ஒத்துவருமா?” என்றார் ஷோபனா மேடம்.

‘வரும்’ என்று ஒரு வார்த்தை போதும். அவளுக்கு அது வரவில்லை.

“லேப்டாப் நல்லாத்தான் இருக்குது மேடம். வூட்ல சிக்னல் இல்ல. தெனம் காட்டு வழியில பாறைக்கு ஏறித்தான் அனுப்பறேன். கரடி பயம் இருக்குது. ஆனா ஏறுவேன்.”



“தனியாவா போற? வேணாம்மா. உனக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? லேப்டாப்பைத் திங்கக்கிழமை கொண்டாந்து குடுத்துடு.”

 அதே நேரம் பின்னால் புதர் அசைந்தது. இந்தத் தடவை நிற்கவில்லை. கிட்டே வந்தது.  திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. பார்த்தாள்.

கிளையை விலக்கிக்கொண்டு ஜெயம்மாள். ஒரு கையில் கொடுவாள், இன்னொரு கையில் தட்டி ஒலி எழுப்ப ஒரு தகர டப்பா. வேர்த்து ஊற்றியது.

இவ்வளவு தூரம் வேவு பார்க்க வந்திருக்கிறாள். செந்தாமரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் ஜெயம்மாள் போன் பக்கம் எட்டிக் கத்தினாள்.

“தனியா போறான்னு யாருமா சொன்னது? கரடிக்குப் பயந்து செத்து செத்துப் பொழைச்சிகினு ஆறு நாளா இவ பின்னாடியே வர்றேனே, நான் இன்னா ஆளு இல்லியா?”