காகக் குலத்து மாப்பிள்ளை

அம்போன்சாவின் மக்காச்சோளக் கொல்லையில் அவன் குலச்சின்னமான காகத்தை மரத்தில் செதுக்கி நட்டிருந்தார்கள். நிஜக் காகங்கள் அதன் தலைமேல் இளைப்பாறிவிட்டுக் கதிரைக் கொத்தித் தின்றன. காகக் குலத்தில் பிறந்தவன் காகத்தின்மேல் கல்லெறிந்தால் அது முன்னோர்மேல் எறிந்ததாகும்.

"உன் தாத்தனுங்க நல்லா சாப்பிடறாங்கப்பா!" என்று கிண்டல் செய்தான் பக்கத்துக் கொல்லை ட்வுமாசி. "விரட்ட ஒரு ஆள் வையேன்."

"கூலியும் கொடுத்து ஃபூஃபூக் களியும் யாரு போடறது? ஒருத்தியக் கட்டிக்கிட்டா முடிஞ்சுது. பொண்டாட்டி எப்படியும் வேற குலம்தானே!"

கதிர் முற்றுவதற்குள் கல்யாணம் ஆக வேண்டுமென்று குமாசி நகரம்வரை பெண் தேடி அலைந்தான். பருந்துக் குலத்து பிராகோ மட்டும் அவன் வழுக்கையைக்கூடப் பார்க்காமல், கேட்டதுமே சரி என்றாள். தன் அழகில் மயங்கிவிட்டாள் என்று அவனுக்கு ஒரே பெருமை.

கல்யாணமான மறுநாள் விடிந்ததும் உண்டிவில்லை அவள் கையில் திணித்தான். "போய்க் காக்காய விரட்டு. எனக்குத்தான் குலத்தடை, உனக்கு இல்லியே!"

பிராகோ விழுந்து விழுந்து சிரித்தாள். "அடப்பாவி மனுஷா, நீங்களுமா?"

"நானுமான்னா?"

"எங்கம்மா வீட்டுக் கோழிக்குஞ்சை எல்லாம் பருந்து தூக்கிட்டுப் போகுது. எங்க குலத்துல யாரும் பருந்துமேல கை ஓங்கக்கூடாது. கிளம்புங்க, அம்மா காத்திருக்கா."

அம்போன்சா ஓரடி பின்வாங்கினான். "ஏன், உன் மூணு அக்காமாரோட புருஷனுங்க இல்ல?"

"அவங்க மூணு பேரும் ஓடிப்போனதாலதானே உங்களப் புடிச்சோம்!"