பொசம் தோலில் மன்னார்க் கரை

மெற்றில்டா பொசம் தோலில் சுடுகிற கோடுகள் மறுநாள் காலையில் இருப்பதில்லை.

பொசம் பூனையளவு விலங்கு. ஆஸ்திரேலிய ஆதிக்குடிகள் அதன் தோலில், உரோமமில்லாத பக்கத்தில், தங்கள் நிலத்தைச் சுட்டு வரைவார்கள். சூடு தோலைக் கருக்கிவிடுவதால் கோடு அழியாது. ஸ்காபரோவில் அதைக் கற்பிக்கும் வகுப்பில் ஆளுக்கொரு தோல்; சனிக்கிழமை எல்லாவற்றையும் ஒரே போர்வையாகத் தைப்பார்கள். வெறுந்தோலுக்கு இடமில்லை. மெற்றில்டா வரைந்தது தான் பிறந்த மன்னார்க் கரை.

"மற்றாக்களின்ரை நிக்குது. என்ரை மட்டும் ஏன் மறையுது?"

"உன்ரை கீறலைப் பாத்து உது பயந்திட்டுது போல," என்றான் கணவன் கஸ்பர்.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து வகுப்பை நடத்திய ஆதிக்குடிப் பெண் ரூபி தோலைத் தடவிப் பார்த்தார். "இதற்கு இன்னும் வலிக்கிறது. விட்டுவிடுங்கள்," என்று வேறொரு தோலை நீட்டினார். இதிலேயே வரைந்து முடிப்பேன் என்று மெற்றில்டா மறுத்துவிட்டாள்.

வீட்டில் உட்கார்ந்து கவனித்தாள். சுட்ட கோடு சிவந்து, பொருக்குக் கட்டி, உதிர்ந்தது. ஐந்து மணிநேரத்தில் தோல் பழையபடி வெளுத்தது. அடுத்த முறை சூட்டு ஊசியை வைத்தபோது தோல் சுருண்டு விலகியது. அதைப் பலகையில் விரித்து நான்கு மூலையிலும் ஆணி அடித்தாள்.

மூன்றாம் நாள் அது அசையவில்லை. கோடு அழியாமல் நின்றுவிட்டது.

ஆறுவதற்குள் அதே இடத்தில் மறுபடி சுட வேண்டும், அவ்வளவுதான் என்று மெற்றில்டா கண்டுகொண்டாள்.