முதல் கணப்பு

தாஸ்மேனியாவில் ஜூன் குளிர் இறங்கிவிட்டது. கோடை முழுக்க விறகடுக்குப் பக்கமே மகளை விடாத ப்ரான்வின், குளிர் வந்துவிட்ட தைரியத்தில் இன்று அவளைத் தனியாக அனுப்பினாள்.

சுள்ளிகளோடு திரும்பிய நாலு வயது ஐவி, கணப்பருகே இருந்த தம்பியின் தொட்டிலையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அம்மா, தம்பிய ஏன் இங்க படுக்க வெச்ச?"

"குளிர்ல விறைச்சிடக் கூடாதுல்ல."

"விறைச்சவங்களுக்குச் சூடு பட்டா சரியாயிடுமா?"

"சரியாகி உன்னை மாதிரி ஆட்டம் போடுவாங்கடி, வாயாடி."

"அப்ப நல்லதுதான். விறகுக்கு அடியில ஒருத்தன் விறைச்சுக் கிடந்தான். கையுமில்ல, காலுமில்ல, உடம்பெல்லாம் வரி. பாவம்னு தம்பி போர்வைக்குள்ள வெச்சேன்."

ப்ரான்வின் திரும்பினாள்.

குழந்தை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. போர்வைதான் மெல்ல நெளிந்தது.