பேசாத வீட்டுக்காரர்

“ ‘அந்த அங்கிளுக்கு என்னைக் கண்டாலே ஆகலை. வந்ததிலேருந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை. எனக்கு வேற வீடு கொடுங்க.’ இதுதாம்மா அவ சொன்னது. நான் எதையும் கூட்டலை, குறைக்கலை,” என்றாள் மொழிப்பள்ளியின் லுவோ டீச்சர்.

வீட்டுக்காரி ஷுலான் தேநீர்க் கோப்பையை மேஜையில் வைத்தாள்.

சீன மொழி படிக்க செங்டூவுக்கு வந்து, இவர்கள் வீட்டில் தங்கியிருக்கும் அமெரிக்கப் பெண் பெத்தனி, உள்ளறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். ஜிப் இழுக்கிற சத்தம் ஹால்வரை கேட்டது.

மாணவி பாதியில் கிளம்பிப் போன வீட்டுக்குப் பள்ளி மறுபடி யாரையும் அனுப்பாது. அது போகட்டும். சாயங்காலமானால் அடுப்படியில் வந்து நின்று, “ஆன்ட்டி, இதுக்கு என்ன பேரு?” என்று மிளகாயிலிருந்து கரண்டிவரை கேட்கிற குரல் நாளைக்கு இருக்காது. அதுதான் ஷுலானுக்குத் தாங்கவில்லை.

கோபம் மொத்தமும் கணவர் மேல் திரும்பியது. லாவோ யென் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்து, சுளைகளை பெத்தனியின் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

“உன் வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே? கீழே மாஜோங் கட்டை ஆடற இடத்துல ஊர்க்கதை பூரா பேசறே. மீன்காரன்கிட்ட அரைமணி வாய்ச்சண்டை போடறே. அந்தப் பொண்ணு ‘சாப்பிட்டீங்களா அங்கிள்’னு கேட்டா மட்டும் ஊமை மாதிரி தலையாட்டறே?”

லாவோ யென் தலையாட்டினார்.

“பாருங்க டீச்சர், இப்பவும் அதேதான். கூச்சம், பழகினா சரியாயிடும்னு விட்டது என் தப்பு.”

“வெளிநாட்டுக்காரங்களைப் பிடிக்காட்டி முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்,” என்றாள் லுவோ டீச்சர். “பாஷை கத்துக்கணும்னு கடல் தாண்டி வந்த பொண்ணு. அவகிட்ட பேசத்தானே ஹாஸ்டல்ல போடாம குடும்பத்துல விடறோம்?”

கதவு திறந்தது. பெத்தனி பெட்டியோடு நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“அங்கிள், மாடிப்படியில நீங்க சிரிச்சுப் பேசறது எனக்குக் கேக்கும்,” என்றாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. “நான் கதவைத் திறந்தா நின்னுடும். நான் என்ன தப்பு பண்ணினேன்?”

“இப்பவாவது வாயைத் திறந்து தொலை,” என்றாள் ஷுலான். “அவ போறா.”

லாவோ யென் கையைத் துடைத்துக்கொண்டார். மனைவியைப் பார்த்துத்தான் பேசினார், தன் ஊர்க் கொச்சையில்.

“டீச்சர் வீடு பார்க்க வந்த அன்னிக்கு நீ பழம் நறுக்க உள்ளே போயிட்டே. அப்போ என்கிட்ட சொன்னாங்க. ‘உங்க சம்சாரம் பேசறது ரேடியோ மாதிரி சுத்தமா இருக்கு. நீங்க பேசறது பட்டிக்காட்டுச் சீனம். பொண்ணுக்கு ஒட்டிக்கிட்டா பரீட்சையில மார்க் போயிடும். அவ எதிர்ல வாயைத் திறக்காதீங்க’ன்னு. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துது.”

ஷுலான் மெதுவாக டீச்சர் பக்கம் திரும்பினாள். டீச்சரின் முகம் சிவந்திருந்தது.

பெத்தனிக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. பெட்டியின் கைப்பிடியை விட்டாள்.

லாவோ யென் அவளைப் பார்த்தார். வாயெடுத்தார். உடனே நிறுத்திக்கொண்டு, தன் சொந்த வீட்டு ஹாலில், லுவோ டீச்சரைக் கேட்டார்:

“அவகிட்ட நான் பேசலாமா, டீச்சர்?”

லுவோ டீச்சர் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள்.